வாசலோடு நின்றுவிடும் கணவரா? வேஷ்டி கற்றுத் தரும் மரியாதைப் பாடம்!

பிரதோஷ நாளில் எந்தச் சிவாலயத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கோபுர வாசலுக்கு எதிரே, வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, சாவியை விரலில் சுழற்றியபடி நாலைந்து ஆண்கள் நின்றுகொண்டிருப்பார்கள். மனைவி அர்ச்சனைத் தட்டோடு உள்ளே போயிருப்பார். ''நீ போய்ட்டு வா, நான் இங்கேயே இருக்கேன்'' என்று சொல்லியிருப்பார் கணவர்.

பக்தி இல்லாதவர்களா அவர்கள்? நிச்சயம் இல்லை! கோபுரத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்களே! பிறகு ஏன் உள்ளே வரவில்லை? மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் சொல்லும் பதில், ''நேரா வேலையிலேர்ந்து வர்றேன். இந்த டிரஸ்ஸோட எப்படி வர்றது?'' என்பதாகத்தான் இருக்கும்.

புதுச்சேரி நகரில் இருக்கும் மேட்டுப்பாளையத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். (ஊட்டி ரயில் ஏறும் மேட்டுப்பாளையம் அல்ல, இது புதுவை மேட்டுப்பாளையம்.) அங்கே தொழிற்பேட்டை இருக்கிறது. ஷிஃப்டு முடிந்து, எண்ணெய்க் கறை படிந்த பேன்ட்டும் யூனிஃபார்ம் சட்டையுமாக வருகிற ஒருவர், அப்படியே சந்நிதிக்குள் நுழையக் கூசுவது இயல்புதானே? அந்தக் கூச்சமே ஒருவகை பக்தி என்றுகூடச் சொல்லலாம். ஆனால், அந்தக் கூச்சம் அவரை வருஷக்கணக்கில் வாசலோடு நிறுத்திவிடக் கூடாது இல்லையா?

அவரை உள்ளே அழைத்து வரும் வழி, பெரும்பாலும் உங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கிறது. ஆம்... நாலு முழமோ, எட்டு முழமோ, ஒரு வெள்ளை வேஷ்டி! அதை எப்படி வாங்குவது, எப்படிக் கட்டுவது, எப்படிக் காப்பது, எங்கே எந்த மரியாதை என்பதையெல்லாம் இந்த வாரம் பார்ப்போம்.

துணியால் தொண்டு செய்த அடியார்கள்

அறுபத்துமூன்று நாயன்மார்களில், துணியோடு தொடர்புடைய தொண்டு செய்தே சிவபதம் அடைந்தவர்கள் மூவர் உண்டு. நேச நாயனார், நெசவாளர். அடியார்களுக்கு உடையும் கீளும் கோவணமும் நெய்து கொடுத்தார். திருக்குறிப்புத்தொண்ட நாயனார், காஞ்சிபுரத்தில் அடியார்களின் துணிகளைத் துவைத்துத் தந்தவர். மூன்றாமவர் அமர்நீதி நாயனார், பழையாறையைச் சேர்ந்த வணிகர். கும்பகோணம் அருகே இருக்கும் திருநல்லூரில் மடம் அமைத்து, அடியார்களுக்கு அமுதும் ஆடையும் வழங்கி வந்தார்.

ஒருநாள், பிரம்மசாரி வேடத்தில் சிவபெருமானே அந்த மடத்துக்கு வந்தார். கையில் ஒரு தண்டு. அதில் இரண்டு கோவணங்கள். ஒன்றை அமர்நீதியாரிடம் கொடுத்து, ''பத்திரமாக வைத்திருங்கள், குளித்துவிட்டு வந்து வாங்கிக்கொள்கிறேன்'' என்று சொல்லிப் போனார். திரும்பி வந்து கேட்டபோது, வைத்த இடத்தில் அது இல்லை! வேறு கோவணம் தருவதாகச் சொல்லியும் பிரம்மசாரி ஒப்பவில்லை. ''தண்டில் இருக்கும் இந்தக் கோவணத்துக்கு எடையாக ஒன்று கொடுத்தால் போதும்'' என்றார். தராசு வந்தது. வீட்டில் இருந்த துணி, பட்டு, பொன் என்று அத்தனையும் தட்டில் ஏறியும் தராசு சமமாகவில்லை. கடைசியில் அமர்நீதியார், அவர் மனைவி, மகன் மூவருமே தட்டில் ஏறினார்கள். அப்போதுதான் தட்டு நேராக நின்றது. இறைவன் காட்சி தந்து ஆட்கொண்டார்.

கவனித்தீர்களா? அங்கே தராசில் ஏறியவர் கணவர் மட்டுமல்ல; அந்த வீட்டுப் பெண்மணியும் ஏறினார். ஒரு முழத் துணிதானே என்று அந்தக் குடும்பத்தில் யாரும் அலட்சியமாக நினைக்கவில்லை.

இன்னொரு நாயனாரையும் இங்கே நினைத்துக்கொள்வோம். திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனார். பகைவன் முத்தநாதன் சிவனடியார் வேடத்தில் வந்து, சுவடிக்குள் மறைத்திருந்த கத்தியால் அவரைக் குத்திவிட்டான். காவலன் தத்தன் அவனை வெட்டப் பாய்ந்தபோது, உயிர் பிரியும் அந்த நிலையிலும் தடுத்து, ஊர் எல்லை வரை அவனைப் பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொன்னார் அரசர். உடுத்தியவன் கெட்டவனே ஆனாலும், அவன் உடுத்தியிருந்த வேடத்துக்கு அவர் கொடுத்த மரியாதை அது!

தைத்த துணியும் தைக்காத துணியும்

பூஜை, ஹோமம், திதி போன்ற காரியங்களில் தைக்காத துணியை உடுத்துவது நம் மரபு. 'சட்டை, பேன்ட்டில் அப்படி என்ன குறை?' என்று உங்கள் மகன் கேட்கலாம். குறை ஒன்றும் இல்லை. ஒரு வித்தியாசத்தை மட்டும் அவனுக்குச் சொல்லுங்கள்.

நல்ல தையற்காரர் கோட்டு தைக்கும்போது என்ன செய்கிறார்? தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் என்று வரிசையாக அளவெடுக்கிறார். பாதி தைத்து, போட்டுப் பார்க்கச் சொல்லி, சாக்கட்டியால் குறி வைத்து, பிரித்து மறுபடி தைக்கிறார். அந்தக் கோட்டு அந்த ஒருவருக்காகவே பிறந்தது. அண்ணனுடையது தம்பிக்குப் பொருந்தாது. ஐந்து கிலோ கூடினால் அவருக்கே பொருந்தாது!

வேஷ்டிக்கு அந்தக் கணக்கே கிடையாது. தாத்தாவின் பட்டு வேஷ்டியை அப்பா உடுத்தலாம். அப்பாவுடையதைப் பேரன் உடுத்தலாம். ஒல்லியானவர், பருமனானவர், முதலாளி, தொழிலாளி என எவர் இடுப்பிலும் அது பொருந்தும். 'இது என் அளவு' என்று சொல்ல முடியாத உடை அது. இறைவன் முன் நிற்கும்போது, 'நான்' என்பதைக் கொஞ்சம் கழற்றி வைத்துவிட்டு நிற்க வேண்டும் என்கிறார்களே... அதற்கு இதைவிடப் பொருத்தமான உடை எது?

முழக் கணக்கு தெரிந்து வாங்குங்கள்

முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். சுமார் ஒன்றரை அடி. வேஷ்டிகள் இந்தக் கணக்கில்தான் பெயர் பெற்றிருக்கின்றன.

நாலு முழம்: ஒற்றை வேஷ்டி. சுமார் 1.8 மீட்டர். வீட்டில் உடுத்தவும், தினசரி பூஜைக்கும் ஏற்றது. ஒரே சுற்றுதான் என்பதால் துணி கெட்டியாக இருக்கும்படி பார்த்து வாங்குங்கள். சற்றுப் பருமனானவர் என்றால், உட்கார்ந்து எழும்போது விலகும். அவருக்கு இது வேண்டாம்.

எட்டு முழம்: இரட்டை வேஷ்டி. சுமார் 3.6 மீட்டர். இரண்டாக மடித்துக் கட்டுவது. கோயிலுக்கும், கல்யாணத்துக்கும், வெளி இடங்களுக்கும் இதுவே உத்தமம். புதிதாகப் பழகுகிறவருக்கும் இதுவே பாதுகாப்பு.

ஒன்பது ஐந்து, பத்து ஆறு: பஞ்சகச்சம் உடுத்தும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கானது. ஒன்பது முழ வேஷ்டியும் ஐந்து முழ அங்கவஸ்திரமும் சேர்ந்தது முதல் வகை. பத்து முழமும் ஆறு முழமும் சேர்ந்தது இரண்டாவது. உயரமானவர்களுக்குப் பத்து ஆறுதான் வசதி.

பட்டில் வேண்டும் என்றால், சேலம் வெண்பட்டு பெயர் பெற்றது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. முகூர்த்தத்துக்கு வாங்குகிறவர்கள், ஜரிகைக் கரையின் அகலத்தில் மனம் மயங்கிவிட வேண்டாம். கனமான ஜரிகை, பழக்கம் இல்லாதவரின் இடுப்பில் நிற்காமல் கீழே இழுக்கும். மாப்பிள்ளை மணமேடையில் ஆசீர்வாதம் வாங்கக் குனியும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே, காரணம் இதுதான்!

ஒட்டிக்கொள்ளும் பட்டையும் பாக்கெட்டும் வைத்த வேஷ்டி இப்போது கடைகளில் கிடைக்கிறது. கோயிலுக்குப் போக, விசேஷங்களில் கலந்துகொள்ள தாராளமாக உடுத்தலாம். ஆனால், அதில் தையல் இருக்கிறது. ஆகவே, திதி, ஹோமம் போன்ற காரியங்களுக்குத் தையல் இல்லாத வேஷ்டியை எடுத்துக் கொடுங்கள்.

கட்டுவது எப்படி?

எட்டு முழ வேஷ்டியை நீளவாக்கில் பாதியாக மடித்தால் நாலு முழ நீளம் வரும். கரை கீழே இருக்கட்டும். துணியை முதுகுப் பக்கமாகக் கொண்டுபோய், இரண்டு முனைகளையும் முன்னால் சமமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். கால்களைச் சற்று அகட்டி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நடக்கும்போது தடுக்கும். முதலில் வலக்கை முனையை இடது இடுப்பில் இறுக்கமாக வைத்து, அதன் மேல் இடக்கை முனையைக் கொண்டுவந்து வலது இடுப்பில் செருக வேண்டும். பிறகு, மேல் விளிம்பை வெளிப்பக்கமாக ஒரு மடிப்பு மடித்துச் சுருட்டிவிட்டால், ஓடினாலும் அவிழாது. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம் வேறு பக்கமாக இருந்தால், அதையே பின்பற்றுங்கள்.

கீழ் விளிம்பு கணுக்காலைத் தொட வேண்டும். தரையில் புரளக் கூடாது. முன்பக்கம் தூக்கியும் பின்பக்கம் இறங்கியும் இருந்தால், அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டுவதே நல்லது. இழுத்து இழுத்துச் சரிசெய்தால் இடுப்புப் பிடி தளர்ந்துவிடும்.

பஞ்சகச்சம் என்பது ஐந்து இடங்களில் செருகிக் கட்டுவது. குடும்பத்துக்குக் குடும்பம் முறை மாறும். அதை எழுத்தில் படித்துப் பழகுவதைவிட, வீட்டுப் பெரியவரிடமோ, உங்கள் வாத்தியாரிடமோ ஒருநாள் உட்கார்ந்து கற்றுக்கொள்வதே சரி.

இன்னொரு மரியாதையையும் சொல்லிக் கொடுங்கள். வேலை செய்யும்போதும், தெருவில் நடக்கும்போதும் வேஷ்டியை முழங்காலுக்கு மடித்துக் கட்டிக்கொள்வது ஆண்களின் வழக்கம். எதிரே பெரியவர் வந்தாலோ, கோயில் வாசலை நெருங்கினாலோ, உடனே அதை இறக்கி விட்டுவிட வேண்டும். சொல்லாமலே சொல்லும் வணக்கம் அது.

சந்நிதியில் எப்படி நிற்பது?

'கோ' என்றால் அரசன், இறைவன். கோவின் இல்லமே கோயில். அரசன் முன் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாக நிற்பது அந்தக் கால வழக்கம். அதைத்தான் இன்றும் சந்நிதியில் செய்கிறோம்.

திருச்செந்தூர், சுசீந்திரம், கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயில் ஆகிய தலங்களில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே செல்கிறார்கள். சிதம்பரத்தில் கனகசபை ஏறித் தரிசிக்கவும் அப்படித்தான். குருவாயூரிலும், திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலிலும் வேஷ்டியும் கட்டாயம். இந்த ஊர்களுக்குக் குடும்பத்தோடு புறப்படும்போது, கணவருக்கும் மகனுக்கும் ஆளுக்கொரு வேஷ்டி, துண்டு எடுத்து வைத்துவிடுங்கள். அங்கே போய் அலைய வேண்டாம். தோல் பெல்ட், தோல் பர்ஸ் ஆகியவற்றைச் சந்நிதிக்குள் தவிர்ப்பதும் நல்லது.

மேல்சட்டையைக் கழற்றும் வழக்கம் பற்றி ஒரு மாற்றுக் கருத்தும் உண்டு. 2024 டிசம்பர் 31 அன்று, கேரளத்தில் நடந்த சிவகிரி தீர்த்தயாத்திரை மாநாட்டில், ஸ்ரீநாராயண குருவின் வழிவந்த சிவகிரி மடத்தின் தலைவர் சுவாமி சச்சிதானந்தா, 'பூணூல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வந்த வழக்கம் இது. கைவிட வேண்டும்' என்று சொன்னார். அது பெரிய விவாதமானது. ஒரு துறவியே இப்படிக் கேட்கும்போது, நாமும் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். மரியாதைக்காக வந்த விதி எது? மனிதரைப் பிரிக்க வந்த விதி எது? எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு விடை சொல்லும் கதை ஒன்று, புதுவை மண்ணிலேயே நடந்திருக்கிறது.

புதுவையின் காலணி வழக்கு

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த காலம். கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-ல் பிறந்து 1761-ல் மறைந்தவர். தமிழில் தினப்படி நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்றவர். கவர்னர் மாளிகைக்குள் பல்லக்கில் போகலாம், காலணி அணிந்து நடக்கலாம், பொன் பூண் போட்ட கைத்தடி வைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் அவருக்கு உரிமைகள் இருந்தன. ஊரே அதை வியந்து பேசியது. அப்படியென்றால் என்ன பொருள்? மற்றவர்களுக்கு அந்த உரிமை இல்லை என்பதுதானே!

நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. 1873-ல் புதுவை வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, ஐரோப்பியர்களைப் போலக் காலுறையும் ஷூவும் அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார். 'இந்தியர்கள் அப்படி வரக் கூடாது' என்று தடுத்தார் நீதிபதி. பொன்னுத்தம்பிப் பிள்ளை பணியவில்லை. பாரீஸில் இருந்த உச்ச நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுபோனார். வெற்றியும் பெற்றார். பின்னாளில் அவர் தன் பெயரோடு 'லாபோர்த்' என்று ஒரு குடும்பப் பெயரைச் சேர்த்துக்கொண்டார். பிரெஞ்சு மொழியில் அதற்குக் 'கதவு' என்று பொருள்!

இப்போது யோசித்துப் பாருங்கள். கோயில் வாசலில் நாம் எல்லோரும் செருப்பைக் கழற்றுகிறோம். அதில் நமக்கு ஏதாவது அவமானம் தெரிகிறதா? தெரியாது. ஏனென்றால், மந்திரியும் கழற்றுகிறார், மூட்டை தூக்குபவரும் கழற்றுகிறார். ஆனால், 'உனக்கு மட்டும் செருப்பு கூடாது' என்று ஒருவரிடம் சொன்னால், அதே செயல் அவமானமாகிவிடுகிறது. தோளில் கிடக்கும் துண்டும் அப்படித்தான். சந்நிதியில் அதை எடுத்து இடுப்பில் கட்டினால் பக்தி. ஊர்ப் பெரிய மனிதர் வீட்டு வாசலில், ஒரு சாரார் மட்டும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று வற்புறுத்திய காலம் நம் கிராமங்களில் இருந்ததே... அது அடிமைத்தனம்.

ஆக, எல்லோருக்கும் ஒன்றுபோல இருந்தால் அது மரியாதை. சிலருக்கு மட்டும் என்றால் அது அவமதிப்பு. எந்த உடை விதியையும் இந்தத் தராசில் வைத்துப் பார்த்தால் போதும், தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து அதிக தூரமில்லாத வில்லியனூரில் கோகிலாம்பாள் உடனுறை திருக்காமீஸ்வரர் அருள்பாலிக்கிறார். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், அங்கே தேரோட்டத்துக்குக் கவர்னரே வந்து வடம் பிடிப்பது வழக்கம். அந்த மரபு தொடர்ந்து, இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடித்துத் தேரோட்டத்தைத் தொடங்கி வைக்கிறார். வடத்தில் கை வைத்த பிறகு ஆளுநர் என்ன, நாற்று நடுபவர் என்ன, எல்லாம் ஒன்றுதானே!

வேஷ்டிக்கே தடை வந்தது!

நம் உடைக்கும் ஒரு சோதனை வந்தது. 2014 ஜூலையில், சென்னை சேப்பாக்கத்தில் உள்ள கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த விழாவுக்கு வேஷ்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. தமிழகமே கொதித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், வேஷ்டி அணிந்தவர்களைப் பொது இடங்களில் தடுக்கக் கூடாது என்று தமிழக சட்டசபையில் சட்டமே நிறைவேறியது.

அடுத்த ஆண்டு, கதை வேறு பக்கம் திரும்பியது. 2015 நவம்பரில், கோயில்களில் உடைக் கட்டுப்பாடு வேண்டும் என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. ஆண்களுக்கு வேஷ்டி அல்லது பைஜாமாவுடன் மேல்துணி, அல்லது முறையான பேன்ட் சட்டை என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. 2016 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த அந்த உத்தரவு, அதே மாதத்திலேயே மேல் அமர்வால் நிறுத்தி வைக்கப்பட்டது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். சட்டம் போட்டு வேஷ்டியைத் தடுக்கவும் முடியாது. சட்டம் போட்டு வேஷ்டியை உடுத்த வைக்கவும் முடியாது. அது வீட்டிலிருந்துதான் வர வேண்டும்.

பேன்ட் சட்டையோடு வந்தால்..?

வேலையிலிருந்து நேராக வருகிறவரை, 'வேஷ்டி இல்லையே' என்று வாசலில் நிறுத்தாதீர்கள். அந்தக் கோயிலில் தனி விதி எதுவும் இல்லை என்றால், சுத்தமான பேன்ட் சட்டை போதும். காலுறையைக் கழற்றி, கை கால் முகம் கழுவிக்கொண்டு வரட்டும். அரைக்கால் டிரவுசர், கைலி, கண்ட வாசகங்கள் எழுதிய பனியன் ஆகியவை மட்டும் வேண்டாம். முடிந்தால், நாலு முழ வேஷ்டி ஒன்றையும் ஒரு துண்டையும் துணிப் பையில் போட்டு, அவர் வேலைக்கு எடுத்துப் போகும் பையில் வைத்துவிடுங்கள். 'கட்டிக்கோங்க' என்று வற்புறுத்த வேண்டாம். பை இருந்தால், ஒருநாள் அவருக்கே தோன்றும்.

சட்டை தைக்கக் கொடுக்கும்போதும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பேன்ட்டுக்குள் செருகும் சட்டைக்குக் கீழ் விளிம்பு வளைவாக இருக்கும். வேஷ்டிக்கு மேல் அதைத் தொங்கவிட்டால் நன்றாக இருக்காது. 'வேஷ்டிக்குப் போடுவதற்கு' என்று தையற்காரரிடம் சொல்லி, விளிம்பு நேராகவும், பக்கத்தில் சிறு பிளவோடும் தைக்கச் சொல்லுங்கள். 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த மகாகவி பாரதியின் படத்தைப் பாருங்கள். கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும்! தைத்த கோட்டும் நம் உடையும் ஒன்றோடொன்று சண்டை போட்டதே இல்லை.

வீட்டில் கல்யாணம் வருகிறதா? காலையில் முகூர்த்தத்துக்குப் பட்டு வேஷ்டி, மாலையில் ரிசப்ஷனுக்குக் கோட்டு என்றாகிவிட்டது. அதற்கும் மரியாதைகள் உண்டு. புதுக் கோட்டின் பின்பிளவில் குறுக்காக ஒரு தையல் போட்டிருப்பார்கள். மடிப்புக் கலையாமல் இருப்பதற்காகப் போட்டது அது. கைப்பகுதியில் கம்பெனித் துணியும் ஒட்டியிருக்கும். இரண்டையும் பிரித்துவிட்டுத்தான் அணிய வேண்டும். பல மாப்பிள்ளைகள் அப்படியே மேடை ஏறி, போட்டோவிலும் நின்றுவிடுகிறார்கள்! நிற்கும்போது கடைசிப் பொத்தானைப் போடாமல் விடுவதும், கோட்டுக் கைக்குக் கீழே சட்டையின் கை அரை அங்குலம் தெரிவதும் அந்த உடையின் முறை.

துவைப்பதும் காப்பதும்

துணியைத் துவைப்பதும் தொண்டுதான் என்று காட்டியவர் திருக்குறிப்புத்தொண்டர். குளிரில் வாடிய ஏழை அடியாராக வந்த இறைவனின் கந்தையை, பொழுது சாய்வதற்குள் துவைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தார். மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. சொன்ன சொல் தவறியதே என்று, துவைக்கும் கல்லில் தலையை மோதிக்கொள்ளப் போனபோது, இறைவனின் திருக்கரம் நீண்டு வந்து தடுத்தது. உங்கள் வீட்டுத் துவைக்கும் கல்லும் புண்ணிய ஸ்தலம்தான்!

புது வேஷ்டியை ஓரத்தில் மஞ்சள் தடவி உடுத்துவது வழக்கம். சடங்குக்கு என்றால், முதல் நாளே நீரில் அலசி உலர்த்திவிடுங்கள். கடைக் கஞ்சி போய் இடுப்பில் நன்றாக நிற்கும். வெள்ளைப் பருத்தி வேஷ்டிகளைக் கலர் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். கஞ்சி போடுவதானால் சாதக் கஞ்சியோ, ஜவ்வரிசிக் கஞ்சியோ நீர்க்கக் கரைத்து வடிகட்டிப் போடுங்கள். கெட்டியாகப் போட்டால், வேஷ்டி விறைத்துப்போய் வழுக்கும். மடித்துணி என்றால், குளித்த பிறகு நனைத்து, மற்ற துணிகள் படாமல் தனிக் கொடியில் உலர்த்த வேண்டும்.

பட்டு வேஷ்டியை உடுத்திய அன்றே பீரோவில் வைத்துவிடாதீர்கள். வியர்வை ஈரம் போக, நிழலில் காற்றாட விட்டுப் பிறகு மடியுங்கள். பிளாஸ்டிக் பையில் வேண்டாம். பழைய மல் துணியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை ஜரிகையில் நேராகப் பட்டால் நிறம் மங்கும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து, மடிப்பை மாற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் இருக்கும் பட்டு, மடிப்பின் மேலேயே இற்றுப்போகும்.

மகனுக்கு எப்போது சொல்லித் தருவது?

இதுதான் முக்கியமான விஷயம்.

இன்றைக்குப் பல வீடுகளில் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வேஷ்டி கட்டத் தெரியாது. 'கல்யாணத்தின்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகிறோம். ஆனால், வாழ்க்கை எப்போதும் கல்யாணத்தை முதலில் அனுப்பி வைப்பதில்லையே! திடீரென்று ஒருநாள் விடியற்காலையில், உறவினர்கள் சூழ்ந்து நிற்க, கண்ணீரோடு நிற்கும் பிள்ளையின் கையில் ஒரு வேஷ்டியைக் கொடுத்து, ''ஈரத்தோட கட்டிக்கோப்பா'' என்கிறார்கள். கை நடுங்குகிறது. கட்டத் தெரியவில்லை. பக்கத்திலிருக்கும் யாரோ கட்டி விடுகிறார்கள். அழுவதா, அவிழ்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வதா என்று தவிக்கிறான் அந்தப் பிள்ளை.

ஒரு மகன் முதன்முதலாக வேஷ்டி கட்டும் நாள், அப்பாவின் இறுதிச் சடங்கு நாளாக இருக்கக் கூடாது. அப்பா இருக்கும்போதே, அப்பாவின் கையாலேயே, ஒரு நல்ல நாளில் அது நடந்துவிட வேண்டும்.

ஆகவே, வருகிற பொங்கலோ, தமிழ்ப் புத்தாண்டோ, உங்கள் குலதெய்வக் கோயில் விசேஷமோ, எது முதலில் வருகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கணவருக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என இரண்டு எட்டு முழ வேஷ்டிகள் வாங்குங்கள். பட்டாக இருக்க வேண்டும் என்பதில்லை; சாதாரணப் பருத்தி போதும். பூஜையில் வைத்து, மஞ்சள் தொட்டு, கணவர் கையில் கொடுங்கள். ''பிள்ளைக்கு நீங்களே கட்டி விடுங்க'' என்று மட்டும் சொல்லிவிட்டு, நீங்கள் அடுப்படிக்குப் போய்விடுங்கள். அப்பாவும் பிள்ளையும் சிரித்தபடி இரண்டு முறை அவிழ்த்து, மூன்றாம் முறை கட்டி முடித்துவிடுவார்கள். அன்று மாலை கோயிலுக்குப் போகும்போது, யாரும் வாசலில் நிற்க மாட்டார்கள்.

அமர்நீதியாரின் குடும்பம் ஒன்றாகத் தராசில் ஏறியபோதுதான் தட்டு நேரானது. உங்கள் குடும்பமும் ஒன்றாகச் சந்நிதியில் நிற்கட்டும். எல்லா நலமும் அருள்வார் ஈசன்!